தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் ஆகுமா?
(வீட்டு மீன் தொட்டி பற்றி ஒரு பாடம்)

நம் வீடுகளில் வண்ண மீன் வளர்க்கும் பழக்கம் பெருகி வருகிறது. சென்னை கொளத்தூருக்குப் போய்வரும் உறவினர்கள் நான்கு மீன்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்து பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் தொட்டி மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடக்கும். "நம் ராசிக்கு மீன் ஒத்துவரவில்லை" என்று சொல்லிவிடுவோம். ராசியில் குற்றமில்லை, குற்றம் தண்ணீரில்தான் இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். வாசக அன்பர்கள் படாமலே அறியட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் சித்தூரில் குடியிருந்தபோது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஆறு கறுப்பு மோலி மீன்களை வளர்த்தோம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். மீன்கள் ஒன்றரை ஆண்டு சுகமாக இருந்தன. பிறகு திருப்பதிக்குக் குடிபெயர்ந்தோம். அப்போது இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான். மாவட்டம் ஒன்றானாலும் தண்ணீர் ஒன்றல்ல என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

புது வீட்டில் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று தொட்டியின் கூழாங்கற்களைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். வடிகட்டியின் பஞ்சைக் கொதிக்கும் நீரில் அலசினேன். குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி, அன்று மாலையே மீன்களை விட்டேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு மீன் செத்து மிதந்தது. பத்து நாளைக்குள் நான்கு போய்விட்டன. புது இடத்தில் மீன்கள் வாடியிருப்பதாக எண்ணி என் மகள் இரண்டு மடங்கு தீனி போட்டிருந்தாள். "நீ தீனியைக் கொட்டியதால்தான் செத்துப்போயின" என்று கடிந்துகொண்டேன். அவள் அழவில்லை. "தண்ணி தெளிவாத்தானே இருக்குப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு தொட்டிப் பக்கமே போகவில்லை.

அவள் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டபோதுதான் பெரிய குற்றவாளி நான் என்று தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன் சுவாசிக்கும்போது செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போதும் அதே அம்மோனியா உண்டாகிறது. அதற்கு நிறமில்லை. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் அம்மோனியா நிறைந்திருக்கலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் தொட்டியில் கல்லும் மேல்விளிம்பும் போக ஏறத்தாழ 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீன் தீனியில் நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்குப் பதினாறு பங்கு. ஒரு கிராம் தீனி தின்னப்படாமல் அழுகினால் 64 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக நீரில் சேரும். 45 லிட்டரில் பகிர்ந்தால் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம். ஒரே ஒரு கிராமுக்கே இவ்வளவு!

இந்த அம்மோனியா முழுவதும் கொல்வதில்லை. அதில் ஒரு பகுதியே கொடிய வடிவில் இருக்கும். எவ்வளவு பகுதி என்பதை நீரின் காரத்தன்மையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல். ஆகவே காரத்தன்மை மிகுந்த நீரும் கோடை வெயிலும் உள்ள ஊர்களில் ஒரே அளவு அம்மோனியா பல மடங்கு கேடு செய்யும். நம் ஊர்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

காப்பாற்றும் சிற்றுயிர்கள்

அப்படியானால் சித்தூரில் ஒன்றரை ஆண்டு மீன்கள் எப்படிப் பிழைத்தன? கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வழவழப்பாக ஒட்டியிருந்த பாக்டீரியாக்கள்தாம் அவற்றைக் காப்பாற்றின. சில வகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று.

இவ்வகை பாக்டீரியாக்களை 1890ஆம் ஆண்டை ஒட்டிப் பிரித்தறிந்தவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. மீன் தொட்டியில் இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பழைய நூல்கள் கூறும். நன்னீர்த் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990களின் பிற்பகுதியில் தெரியவந்தது. அந்த இனத்திலேயே சில, இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கின்றன என்று 2015இல் கண்டுபிடித்தார்கள்.

நான் பிளீச்சிங் பவுடராலும் கொதிநீராலும் கொன்றது இவற்றைத்தான். அழுக்கென்று எண்ணிக் காவற்காரர்களையே வெளியேற்றிவிட்டேன். இவை மீண்டும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஆறு மீன்களையும் நஞ்சின் நடுவே விட்டுவிட்டேன். மகள் போட்ட தீனி தீமையைக் கூட்டியது உண்மை. ஆனால் பழைய பஞ்சு உயிரோடு இருந்திருந்தால் அந்தத் தீனியை அது பெருமளவு தாங்கியிருக்கும்.

ஊருக்கு ஊர் தண்ணீர்

நான் செய்த இரண்டாவது பிழை, குழாய் நீரை அப்படியே ஊற்றியது. திருப்பதிக்குக் கல்யாணி அணையிலிருந்தும் தெலுங்கு கங்கைத் திட்டத்திலிருந்தும் நீர் வருகிறது. குடிநீர் என்பதால் குளோரின் கலந்திருக்கும். குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு அது காப்பு. மீனின் செவுளுக்கோ எரிச்சல். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமானால் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் உதவும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் போதும். ஆகவே ஒரு வாளிக்கு இரண்டு மூன்று சிறு படிகங்களே தாராளம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. அங்கே பல நகரங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள். அது ஒரு நாள் வைத்திருந்தாலும் போகாது. ஹைப்போ போட்டாலும் அதிலிருந்து அம்மோனியா மிஞ்சும். அதற்கென்றே விற்கும் மருந்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆழ்குழாய் நீரில் குளோரின் இல்லை. ஆனால் நிலத்தடியிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். அதையும் சில மணி நேரம் காற்றாட வைப்பது நல்லது. மோலி, கப்பி போன்றவை கடின நீரை விரும்பும். கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் நமக்கு இனிக்கும். தொட்டிக்கு அவை மட்டும் போதாது. பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது நீரிலுள்ள கார உப்புகள் செலவாகின்றன. ஆர்.ஓ. நீரில் அவை மிகக் குறைவு என்பதால் பி.எச். திடீரென்று இறங்கிவிடும். வேண்டுமானால் கிணற்று நீரோடு கலந்து ஊற்றலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. புதுத் தொட்டியில் முதலில் ஓரிரு மீன்களே விடுங்கள். நண்பர் வீட்டு நோயற்ற தொட்டியிலிருந்து கொஞ்சம் பழைய பஞ்சு கிடைத்தால் அதைவிட நல்ல சீதனம் இல்லை.

2. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை எடுத்துவிட்டு, பக்குவப்படுத்திய நீரை ஊற்றுங்கள். வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே.

3. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள். குழாய் நீரோ சோப்போ படக்கூடாது.

4. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

5. சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும். நைட்ரைட் தென்பட்டால் உடனே நீரை மாற்றுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் சாதாரண உப்புச் சேர்த்தால் அது செவுள் வழியே நைட்ரைட் உட்புகுவதைத் தடுக்கும்.

6. கோடையில் மின்சாரம் நின்றால் காற்றுக் குழாயும் நின்றுவிடும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் நீர், 32 டிகிரியில் சுமார் 7தான் தாங்கும். ஒரு சொம்பில் மொண்டு சற்று உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டிருங்கள்.

7. வளர்க்க முடியாத மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் உறிஞ்சு மீன் இப்படித்தான் ஆந்திர, தமிழக நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது.

முடிவாக ஒன்று

இவ்வளவும் தெரிந்துகொண்ட அன்று மாலை என் மகளை அழைத்தேன். "தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது. தெரியாமல் உன்னைத் திட்டிவிட்டேன்" என்றேன். பெற்றோர் இதைச் சொல்வது எளிதன்று. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மிச்சம் ரெண்டையும் காப்பாத்தலாமாப்பா?" என்றாள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். தினமும் சோதனை செய்து தேதி, அம்மோனியா, நைட்ரைட், மாற்றிய நீர் ஆகியவற்றை அவளே எழுதினாள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் மட்டுமே எழுதுகிறவள். நோட்டைத் தமிழில் எழுதவேண்டும் என்பது நான் கேட்ட ஒரே வரம். முதல் பக்கத்தில் "தன்னீர்" என்று இருந்தது. பத்தாம் பக்கத்தில் "தண்ணீர்" ஆயிற்று. முப்பத்தாறாம் நாள் அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். இரண்டு மோலிகளும் பிழைத்தன. பின்னர் குஞ்சுகளும் ஈன்றன.

தொட்டியிலிருந்து எடுக்கும் நீரை நாங்கள் சாக்கடையில் விடுவதில்லை. உப்புப் போடாத நாட்களில் அது கனகாம்பரத் தொட்டிக்குப் போகிறது. மீனுக்கு வேண்டாத நைட்ரேட் செடிக்கு உரம். அதை எடுத்துப்போய் ஊற்றுவது என் மகளின் வேலை. கேட்டால், "அதுக்கும் ஒரு பத்தி போட்டிருக்கேன்பா" என்று நோட்டைக் காட்டுகிறாள்.