போளி வீட்டில் வராதா?

போகிக்குப் போளி செய்து படைக்கும் வழக்கமுள்ள புதுச்சேரி வீடுகளிலும் இப்போது "அது நமக்கு வராது, கடையில வாங்கிக்கலாம்" என்ற பேச்சு கேட்கிறது. கிழிகிறது, பூரணம் பிதுங்குகிறது, ஆறினால் வறட்டியாகிவிடுகிறது என்று காரணங்களும் சொல்வார்கள். இவற்றில் எதற்கும் கைராசி காரணமில்லை. அடுக்களையில் வழிவழியாகச் சொல்லப்படும் சில தவறான நம்பிக்கைகளே காரணம்.

நம்பிக்கை: மேல்மாவு கெட்டியாக இருந்தால்தான் பூரணம் வெளியே வராது.

போளியைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். கெட்டி மாவுக்குள் மெத்தென்ற பூரணத்தை வைத்துத் தட்டினால், மாவு நகராது, பூரணம் மட்டும் நகரும். நகர்ந்த பூரணம் மாவின் மெல்லிய இடத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. மாவும் பூரணமும் ஒரே பதத்தில் இருந்தால் விரல் அழுத்தும்போது இரண்டும் சேர்ந்தே விரியும். அதனால் போளி மாவு சப்பாத்தி மாவைவிட நன்றாகத் தளர்ந்து, கையில் ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். பிசைந்தபின் மேலே இரண்டு மூன்று கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மூடி, குறைந்தது இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள்.

இந்த ஊறலைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். பிசைந்த உடனே மாவிலுள்ள குளூட்டன் என்ற புரத வலை விறைத்து நிற்கும், இழுத்தால் சுருங்கும். நேரம் கொடுத்தால் ஈரம் சமமாகப் பரவி வலை தளர்கிறது, பிறகு கிழியாமல் நீள்கிறது. மேலே நிற்கும் எண்ணெய், மாவு காய்ந்து ஆடைகட்டாமல் காக்கிறது. நீள ரொட்டியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பழகிய ஊர் நம்முடையது. பிரான்சின் ரொட்டி ஆசான் ரேமோன் கல்வெல், 1970-களில், மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து சற்று நேரம் சும்மா விடும் முறைக்குத் தனிப் பெயரிட்டுப் பரப்பினார். அதன் பலனும் இதுவே: மாவு தானாகத் தளர்ந்து நீளும். எண்ணெயில் மாவை ஊறவைத்த நம் பாட்டிமார்களும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பூரண உருண்டை மாவு உருண்டையைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கலாம். பயந்து பூரணத்தைக் குறைத்தால் இனிப்பு ரொட்டிதான் கிடைக்கும்.

நம்பிக்கை: கடலைப்பருப்பு குழையக் குழைய வெந்தால்தான் பூரணம் நன்றாக வரும்.

குக்கரில் ஐந்தாறு விசில் விட்டுக் குழைத்த பருப்பு தண்ணீரைக் குடித்துவிடும். வெல்லமும் சேர்ந்து இளகினால் எவ்வளவு கிளறினாலும் பூரணம் இறுகாது. ஒரு மணி நேரம் ஊறிய பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு, விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில், உருக்குலையும் முன்பே இறக்கி வடித்துவிடுங்கள். வடித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அன்றைய ரசத்துக்கு அதைவிட நல்லது இல்லை. பருப்பைத் தண்ணீர் விடாமல் அரைத்து, வெல்லம் சேர்த்து, வாணலியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளறுங்கள். வேகாத பருப்பில் வெல்லத்தைப் போட்டு 'சேர்ந்தே வேகட்டும்' என்று விடவும் கூடாது. வெல்லம் சேர்ந்தபின் பருப்பு எளிதில் மசியாது.

நம்பிக்கை: மைதா இல்லாமல் போளி இல்லை. ஆனால் மைதாவில் சர்க்கரை நோய் வரவழைக்கும் ரசாயனம் கலக்கிறார்கள்.

இரண்டும் தவறு. மகாராஷ்டிரத்தின் பூரண் போளி கோதுமை மாவில்தான் காலங்காலமாகச் செய்யப்படுகிறது. கோதுமை மாவிலுள்ள தவிடு குளூட்டன் இழைகளை அறுப்பதால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். மெல்லிய சல்லடையில் சலித்து, தண்ணீரைக் கூட்டி, இன்னும் சற்று நேரம் ஊறவிட்டால் வழிக்கு வரும். முதல் முறை செய்பவர்கள் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம்.

அந்த ரசாயனம் என்று சொல்லப்படும் அலாக்சான் கதைக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்க ஊசிமூலம் செலுத்தும் பொருள் அது. மைதாவில் அதை யாரும் சேர்ப்பதில்லை. மைதாவின் உண்மையான குறை வேறு. தவிடும் முளையும் நீங்கிவிடுவதால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் குறைந்து, ரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். அந்தக் குறையைச் சொன்னாலே போதும், பயமுறுத்தும் பொய் தேவையில்லை.

நம்பிக்கை: வெல்லப் போளி என்றால் சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்.

இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெல்லத்தின் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். அதில் கொஞ்சம் தாது உப்புகள் இருப்பதால் ரத்தச் சர்க்கரை ஏறாமல் நின்றுவிடாது. "வெல்லம்தானே, இன்னொண்ணு போட்டுக்கோங்க" என்று வீட்டுப் பெரியவர் இலையில் வைப்பது அன்பாக இருக்கலாம், நன்மையாக இருக்காது. வெல்லம் வாங்கும்போது வெளிர் மஞ்சளைத் தேடவும் வேண்டாம். ரசாயனம் போட்டு வெளுக்க வைப்பதாலும் அந்த நிறம் வருகிறது. போளியின் நிறத்துக்கோ ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும்.

போளி மராத்தியர் தஞ்சைக்குக் கொண்டுவந்த பண்டம் என்றும், நமக்குப் பழக்கமில்லாததால்தான் வரவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். தஞ்சையில் மராத்திய ஆட்சி தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, கல்யாணச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' கடலைப்பருப்புப் பூரணம் வைத்த கோதுமைப் பண்டத்தைச் சொல்கிறது. கன்னடத்தில் ஹோளிகே, ஒப்பட்டு; தெலுங்கில் பொப்பட்லு. நம் ஒன்றியப் பிரதேசத்தின் ஏனாமும் தெலுங்கு பேசும் ஊர்தான். இவ்வளவு வீடுகளில் வரும் பண்டம் நம் வீட்டில் மட்டும் வராமல் போக எந்தக் காரணமும் இல்லை.

நம் கடலோர ஈரக்காற்றில் வெல்லம் நீர்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பூரணத்தை முந்தின இரவே கிளறி, ஆறவைத்து, மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் அதை முதலில் வெளியே எடுத்துவிட்டு மாவைப் பிசைந்தால், மாவு ஊறுவதற்குள் பூரணமும் பதத்துக்கு வந்திருக்கும். தேங்காய்ப் போளி செய்தால் அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.