“ரத்தம் வெளியே வந்துடுச்சு, இனி பயமில்லை”

பாத்ரூமில் வழுக்கி ஒருவர் பின்மண்டை அடிபட விழுந்துவிட்டால், அரை மணி நேரத்துக்குள் வீடு நிறைய வைத்தியர்கள் சேர்ந்துவிடுவார்கள். காயத்தில் காப்பித்தூளை அப்பு என்பார் ஒருவர். புடைப்பை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய் என்பார் இன்னொருவர். காப்பித்தூளைக் கழுவி எடுக்கிற வேலை தையல் போடுகிறவருக்கு. தேய்க்கிற வலி விழுந்தவருக்கு. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். புடைப்புக்குத் துணியில் சுற்றிய ஐஸ் போதும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, ஆறுதலாகச் சொல்லப்படும் சில வார்த்தைகளில் இருக்கிறது.

முதலாவது, தலைப்பில் இருப்பது. தலைத்தோலில் ரத்தக் குழாய்கள் ஏராளம். சின்னக் கிழிசலுக்கே துண்டு நனைந்துவிடும். அது தோலின் ரத்தம். மண்டையோட்டுக்குள் கசிகிற ரத்தத்துக்கு அந்தக் காயம் வடிகால் ஆகாது. தரையெல்லாம் ரத்தமாகியும் உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கலாம். தோல்கூடக் கிழியாமல் உள்ளே கட்டியும் போகலாம். காதிலிருந்து ரத்தம், மூக்கிலிருந்து தண்ணீர்போல் சொட்டுகிற திரவம், ஓரிரு நாளில் காதுக்குப் பின்னால் கன்றிப்போகிற நீலம் ஆகியவை மண்டையோட்டின் அடிப்பகுதி விரிசல் விட்டிருக்கலாம் என்பதற்கு அறிகுறி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“மயக்கம் போடலையே, நல்லாத்தானே பேசறார்”

2009 மார்ச்சில் ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்ஸன், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சாதாரணச் சரிவுதான். எழுந்தார், பேசினார், ஒன்றுமில்லை என்றார். வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. ஒரு மணி நேரம் போலக் கழித்துத் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார், வயது 45.

மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே ரத்தம் கட்டியதே காரணம். இந்த வகைக் கசிவு பெரும்பாலும் நெற்றிப்பொட்டுப் பக்கம் வருவது. அங்கே எலும்பு மெல்லியது; அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டுத் தமனி கிழிந்தாலும், ரத்தம் சேர்ந்து மூளையை நெருக்கும்வரை ஆள் தெளிவாகவே இருக்கலாம்.

அதனால்தான் டாக்டர்கள் ஒரு தடவை பார்த்ததோடு விடுவதில்லை. கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் 1974-ல் வகுத்த அளவுகோல் இன்றும் வார்டுகளில் இருக்கிறது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண். 15-லிருந்து 13-க்கு இறங்குகிறது என்றால் டியூட்டி நர்ஸ் டாக்டரைத் தேடி ஓடுவார். வீட்டில் நாம் கவனிக்க வேண்டியதும் இந்த இறக்கத்தைத்தான்: கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழறும் பேச்சு, ஒரு பக்கம் வலுவிழந்த கை, ஒரு கண்ணில் மட்டும் பெரிதான பாப்பா, வலிப்பு. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

“தூங்க விடாதே” என்பதும் இந்தப் பயத்தில் பிறந்ததுதான். தூக்கம் ரத்தத்தைக் கட்டவைக்காது. டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியவரைத் தாராளமாகத் தூங்க விடலாம். எழுப்பினால் எழுந்திருக்காததுதான் ஆபத்து.

“ஸ்கேன் நார்மல், அப்புறம் என்ன தலைவலி?”

ஆபீஸிலும் மாமியார் வீட்டிலும் அதிகம் கேட்கிற கேள்வி. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை குலுங்கியதால் அதன் செல்கள் தடுமாறி வேலை செய்வதைக் காட்டாது. மிக்ஸி சத்தம் தாங்கவில்லை, டியூப்லைட் கண்ணைக் குத்துகிறது, படித்த வரியையே மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது, காரணமில்லாமல் எரிச்சல் என்று ஒருவர் சொன்னால் அது நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. சிலருக்கு ரசம் கொதிக்கிற வாசனைகூடத் தெரியாமல் போகும். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்திருக்கலாம். படுக்கையில் புரண்டாலே வீடு சுற்றுகிறதா? உள்காதில் கால்சியத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிக் கிடத்தியே அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் இருக்கிறார்கள்.

பெரியவர்களில் பலருக்கு இரண்டு வாரத்திலும், பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குள்ளும் இதெல்லாம் தணிந்துவிடும். அதுவரை இருட்டறையில் கிடக்க வேண்டும் என்பது பழைய யோசனை. 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாள் முழு ஓய்வு எடுத்த இளம் வயதினர், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகமாகவே உபாதை சொன்னார்கள். ஒன்றிரண்டு நாள் அடங்கி இருந்துவிட்டு மெல்ல நடக்க ஆரம்பிக்கலாம். கிரிக்கெட், கபடி, பைக் எல்லாம் குணமான பிறகுதான். ஒரு தடவை முட்டினால் கொம்பு முளைக்கும், இன்னொரு தடவை முட்டு என்று குழந்தைகளிடம் சொல்வோமே, அந்தச் சாஸ்திரம் இங்கே நேர்மாறு: முதல் அடி ஆறுவதற்குள் படுகிற இரண்டாவது அடியைத்தான் டாக்டர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

“அது விழுந்து ஒரு மாசம் ஆச்சே!”

முதியவர்கள் விஷயத்தில் இந்த வார்த்தை செய்கிற கெடுதல் கொஞ்சமல்ல. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். அதற்கும் உறைக்கும் நடுவே போகும் சிரைகள் இழுபட்டு நிற்கும். நிலைப்படியில் லேசாக இடித்துக்கொண்டாலே ஒன்று கிழியலாம். கசிவு சிரையிலிருந்து என்பதால் மெதுவாகச் சேரும். இடம் இருப்பதால் வாரக்கணக்கில் காட்டிக்கொடுக்காது. பிறகு ஒருநாள் தாத்தா காலை இழுத்து நடப்பார், செருப்பு கழன்றதை அறியமாட்டார், பேத்தியின் பெயரை மாற்றிச் சொல்வார். வீட்டில் எல்லோரும் வயசாகிவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். ஸ்கேனில் தெரிந்துவிட்டால், மண்டையோட்டில் சிறு துளை போட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்துவிட முடியும். மறதிநோய் என்று நினைத்திருந்தவர்களில் பலர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள்.

இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுகிறவருக்கு இந்த அபாயம் கூடுதல். அவர் விழுந்தால் காயம் தெரியாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். போன மாதம் விழுந்திருந்தால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள், டாக்டர் கேட்காவிட்டாலும்.