காலை ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை: ஆவியா, கோளாறா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அது வெண்மையாகத் தெரிவது இயல்புதான். ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் காற்று வறண்டது; தீப்பெட்டியும் பட்டாசும் அங்குள்ள சிவகாசியில் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். அந்தக் காற்றில் நீராவி நீண்டு நிற்காது, சட்டென்று கரைந்துவிடும். அதனால் ஊட்டியில் பொறுத்துக்கொள்ளும் புகையை விருதுநகரில் பொறுக்கக் கூடாது.

மார்கழிப் பனியில் எல்லா வண்டியும் புகைக்கும்தானே என்பார்கள். புகைக்கும், சில நிமிடங்களுக்கு. என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் எரிகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் கோளாறு. டீசல் லோடு வண்டியில் எரியாத டீசல் வாடையோடு கண் எரிந்தால் ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்கச் சொல்லுங்கள். கேஸ்கெட் வேலையைவிட இது சிறியது. கூலன்ட் எரிகிறதா என்று உறுதிப்படுத்த, என்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் பேனாவால் கோடு போடுங்கள். சில நாளில் அளவு இறங்கி, வண்டிக்கடியிலும் ஹோஸ்களிலும் ஈரமே இல்லையென்றால் அது என்ஜினுக்குள்தான் போகிறது. குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றினால் போதாதா? போதாது. போர்வெல் உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிந்து சூட்டைக் கூட்டும்; கேஸ்கெட் இன்னும் கெடும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிடும்.