கையில் 14 புள்ளி: பாஸா, 4 ஸ்பேடா?

முதல்ல ஒரு கை தர்றேன். மேல படிக்கிறதுக்கு முன்னாடி நீங்க என்ன சொல்லுவீங்கன்னு முடிவு பண்ணி மனசுல வச்சுக்கங்க.

ஸ்பேட்: ஏஸ், கிங், 9, 6, 4
ஹார்ட்: ஏஸ், 10, 8, 5, 3
டைமண்ட்: 5
கிளப்: கிங், 7

நீங்க 1 ஸ்பேட்னு ஏலத்தை ஆரம்பிக்கிறீங்க. எதிரணி பாஸ். பார்ட்னர் 2 ஸ்பேட் சொல்றார். எதிரணி மறுபடியும் பாஸ். இப்போ உங்க முறை.

பிரிட்ஜ் ஆடியே பழக்கமில்லாதவங்களுக்காக ரெண்டு பத்தி எழுதறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க. நாலு பேர், எதிரெதிரே உட்கார்றவங்க பார்ட்னர்கள், ஆளுக்கு 13 சீட்டு. ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டு ஒரு ட்ரிக், ஆக மொத்தம் 13 ட்ரிக். ஏலத்தில் சொல்ற எண்ணோடு 6-ஐக் கூட்டிக்கணும். 2 ஸ்பேட் என்றால் ஸ்பேடைத் துருப்பாக வைத்து 8 ட்ரிக் எடுப்போம் என்று பொருள். 4 ஸ்பேட் என்றால் 10. ஹாஸ்டல்ல 28 ஆடினவங்களுக்கு ஏலமும் துருப்பும் புதுசில்ல. ஆனா அங்க ஜாக்தான் பெரிய சீட்டு, இங்க ஏஸ். (இந்த ஒரு விஷயத்தை மறக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.)

கையை எடைபோட எல்லாரும் முதலில் கற்றுக்கொள்வது புள்ளிக் கணக்கு. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1. கட்டு முழுவதிலும் 40 புள்ளி, அதனால் சராசரிக் கை 10. மில்டன் வொர்க் என்ற அமெரிக்கர் பரப்பிய முறை இது. 1940களின் கடைசியில் சார்லஸ் கோரன் இதோடு குறைந்த சீட்டுள்ள சூட்டுகளுக்கும் புள்ளி சேர்த்து உலகம் முழுக்கக் கொண்டு போனார். இரண்டு கையும் சேர்த்து 25 புள்ளி அளவுக்கு இருந்தால் 'கேம்' வரைக்கும் போகலாம் என்பது பால பாடம். கேம் ஏன் முக்கியம் என்றால், ஸ்பேடிலும் ஹார்ட்டிலும் ஒரு ட்ரிக்குக்கு 30. ஏலத்தில் கேட்ட ட்ரிக்குகளின் மதிப்பு 100-ஐத் தொட்டால் 300 போனஸ், வல்னரபிள் என்றால் 500. தொடாவிட்டால் வெறும் 50. அதனால்தான் 4 ஸ்பேடுக்கு இவ்வளவு அடிதடி.

இப்போ என் கதை. மேலே கொடுத்த கை போன வருஷம் ஒரு டீம் போட்டியோட கடைசி போர்டுல எனக்கு வந்தது. ரெண்டு அணியும் வல்னரபிள். பார்ட்னர் சொன்ன 2 ஸ்பேடுக்கு அர்த்தம், கையில் 6 முதல் 9 புள்ளி, ஸ்பேடில் குறைந்தது 3 சீட்டு. என்கிட்ட 14. பார்ட்னர்கிட்ட அதிகபட்சம் 9. கூட்டினா 23. 25 வரலை. மூணு செகண்டுல பாஸ் சொன்னேன், தப்பில்லாத கணக்குன்னு நிம்மதியாவும் இருந்தேன்.

10 ட்ரிக் வந்துச்சு. 170 எழுதினோம். டீம் போட்டியில் அதே சீட்டுகளை அடுத்த மேஜையில் நம்ம எதிரணியின் இன்னொரு ஜோடி ஆடும். "எனக்குக் கை சரியா வரலை"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாத விளையாட்டு இது. அங்கே என் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் 4 ஸ்பேட் கேட்டு எடுத்துட்டார், 620. வித்தியாசம் 450, டீம் போட்டி அளவையில் 10 இம்ப். நாங்க மேட்சில் தோற்றது 6 இம்ப்ல. பார்ட்னர் ஒண்ணுமே சொல்லலை, ஸ்கோர் ஷீட்டை மடிச்சு பையில வச்சுக்கிட்டான். திட்டியிருந்தா பரவாயில்லையேன்னு இருந்துச்சு.

அந்த 14-ஐ எங்கே தப்பா எடைபோட்டேன்? அதுக்கு இன்னொரு கையைப் பக்கத்துல வச்சுப் பார்க்கணும்.

ஸ்பேட்: ஏஸ், கிங், 9, 6, 4
ஹார்ட்: குயின், ஜாக், 5, 3
டைமண்ட்: குயின், ஜாக்
கிளப்: கிங், 7

இதில் 16 புள்ளி. என் கையை விட 2 அதிகம். கோரன் முறைப்படி ஒற்றைச் சீட்டுக்கு 2, இரட்டைச் சீட்டுக்கு 1 சேர்த்தாலும் இதுக்கு 18, என் கைக்கு 17. காகிதத்தில் இதுதான் பெரிய கை. இப்போ அன்னைக்கு என் பார்ட்னர் விரிச்சு வச்ச 7 புள்ளிக் கையை ரெண்டுக்கும் எதிரே வைங்க.

ஸ்பேட்: குயின், 7, 5, 3
ஹார்ட்: கிங், 6, 2
டைமண்ட்: 8, 6, 4
கிளப்: குயின், 9, 5

16 புள்ளிக் கையோடு சேர்ந்தால் மொத்தம் 23. டைமண்டில் ஏஸும் கிங்கும் எதிரணியிடம், இரண்டு ட்ரிக் போச்சு. ஹார்ட் ஏஸ் ஒண்ணு, கிளப் ஏஸ் ஒண்ணு. நாலு ட்ரிக் நஷ்டம், 9 தான் மிச்சம். எதிரணி தூங்காமல் இருந்தால் 4 ஸ்பேட் தோற்கும். என் 14 புள்ளிக் கையோடு சேர்ந்தால் மொத்தம் 21தான். ஆனால் டைமண்டில் ஒரு ட்ரிக்தான் போகும், அடுத்ததை வெட்டிடலாம். கிளப்பில் ஒண்ணு. ஹார்ட்டில் ஒண்ணு, அதுவும் எதிரணியிடம் உள்ள 5 ஹார்ட் 3-2 ஆகப் பிரிந்தால் மிச்ச ரெண்டு குட்டி ஹார்ட்டும் ட்ரிக் ஆகிடும். 5 ஸ்பேட், 4 ஹார்ட், 1 கிளப், மொத்தம் 10. 3-2 பிரிவுக்கு வாய்ப்பு 68 சதவீதம். எதிரணியின் நாலு ஸ்பேடும் ஒரே ஆளிடம் இருந்தால் சிக்கல், அதுக்கு 10 சதவீதம்கூட இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது புள்ளிகள் உட்கார்ந்திருக்கும் இடம். 16 புள்ளிக் கையில் டைமண்ட் குயின், ஜாக் தனியா மாட்டிக்கிட்டு இருக்கு. 3 புள்ளின்னு எண்ணினோம், அது எடுக்கும் ட்ரிக் பூஜ்யம். என் கையில் புள்ளிகள் நீளமான சூட்டுகளில் இருக்கு, அங்கே ஏஸும் கிங்கும் பின்னால் இருக்கும் குட்டிச் சீட்டுகளையும் பெரிசாக்கும். ஒற்றை 5-க்குப் புள்ளியே இல்லை, ஆனால் துருப்பு அமைஞ்ச பிறகு அது எதிரணியோட டைமண்ட் ஏஸ், கிங்கில் ஒண்ணைச் செல்லாக் காசாக்கிடும்.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க 1930களிலிருந்தே ஒரு வழி இருக்கு, லூசர் கணக்கு. ஒவ்வொரு சூட்டிலும் மேலே உள்ள மூணு சீட்டை மட்டும் பாருங்க. ஏஸ், கிங், குயினில் எது இல்லையோ அதுக்கு ஒரு லூசர். இரண்டே சீட்டு உள்ள சூட்டில் ஏஸ், கிங் மட்டும் பார்த்தால் போதும், ஒரே சீட்டு என்றால் ஏஸ் மட்டும். என் கை: ஸ்பேடில் 1, ஹார்ட்டில் 2, டைமண்டில் 1, கிளப்பில் 1, மொத்தம் 5. 16 புள்ளிக் கை: 1, 2, 2, 1, மொத்தம் 6. பார்ட்னர் 2 ஸ்பேட் என்று ஆதரவு தந்தால் அவரிடம் சுமார் 9 லூசர்னு வச்சுக்கலாம். ரெண்டையும் கூட்டி 24-லிருந்து கழிச்சா எடுக்கக்கூடிய ட்ரிக். என் கைக்கு 24 கழித்தல் 14, அதாவது 10. அந்தக் கைக்கு 9. மேலே ஒவ்வொரு சீட்டா எண்ணி வந்த விடையும் இதேதான்.

இதைப் படிச்சதும் புள்ளிக் கணக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நான் போட்டேன், ஒரு மாசம் கண்டபடி தோத்தேன். துருப்பு சூட்டில் ரெண்டு கையும் சேர்த்து 8 சீட்டாவது இருந்தால்தான் லூசர் கணக்கு வேலை செய்யும். நோ டிரம்ப்ஸில் வெட்டவே முடியாது, ஒற்றைச் சீட்டு அங்கே பாரம், புள்ளிதான் பேசும். லூசர் கணக்கில் ஏஸும் குயினும் ஒரே எடை என்பதும் அபத்தம்தான். குயின் நிறைய இருக்கும் கையில் அரை லூசர் கூட்டிக்கறது என் பழக்கம். முக்கியமா, பார்ட்னர் ஸ்பேடுக்கு ஆதரவு தரும் முன்னாடி என் கை வெறும் 14தான். அவர் 2 ஸ்பேட் சொன்ன நொடியில் அது வளர்ந்தது. நான் கையை எடுத்தவுடனே ஒரு தடவை எண்ணினேன், அதோட நிறுத்திட்டேன். தப்பு அங்கே நடந்துச்சு. புது டேட்டா வந்த பிறகும் பழைய நிகழ்தகவையே வச்சுக்கிட்டு இருந்த மாதிரி. பேயஸ் தேற்றத்துக்கு முழு மார்க் வாங்கினவன் நான், சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

சரி, பாஸும் 4 ஸ்பேடும் மட்டும்தானா? இல்லை, நடுவுல கேள்வி கேட்கவும் ஒரு வழி இருக்கு. 3 ஹார்ட் சொல்லணும். ஸ்பேட் துருப்பு என்று முடிவான பிறகு புது சூட் சொன்னால், "எனக்கு இந்த சூட்டில் உதவி வேணும், உன்கிட்ட இருந்தால் கேமுக்குப் போ, இல்லாட்டி 3 ஸ்பேடில் நிறுத்து" என்று பல ஜோடிகள் பேசி வச்சிருப்பாங்க. அன்னைக்கு பார்ட்னரிடம் ஹார்ட் கிங் இருந்தது, சந்தோஷமா 4 ஸ்பேட் சொல்லியிருப்பான். அவனோட அதே 7 புள்ளி வேற இடத்துல இருந்திருந்தா?

ஸ்பேட்: குயின், 7, 5, 3
ஹார்ட்: 9, 6, 2
டைமண்ட்: கிங், குயின், 4
கிளப்: 9, 8, 5

டைமண்டில் 5 புள்ளி, என் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே. ஏஸை விரட்டினா குயின் மேல என் கிளப் 7-ஐத் தள்ளிவிடலாம், அவ்வளவுதான் லாபம். ஹார்ட்டில் ரெண்டு ட்ரிக் போகும், டைமண்டில் ஒண்ணு, கிளப்பில் ஒண்ணு. பெரும்பாலும் 9 ட்ரிக்தான். புள்ளி அதே 7, ஆனா ஹார்ட்டில் உதவி இல்லைன்னு அவன் 3 ஸ்பேடில் நிறுத்தியிருப்பான், நாங்களும் பிழைச்சிருப்போம்.

சந்தேகமாவே இருந்தால் எந்தப் பக்கம் சாயறது? அதுக்குக் கணக்கு இருக்கு. டீம் போட்டி, வல்னரபிள். கேம் கேட்டு எடுத்தால் 620, கேட்காமல் அதே 10 ட்ரிக் எடுத்தால் 170. லாபம் 10 இம்ப். கேட்டு ஒரு ட்ரிக்கில் தோற்றால் 100 அபராதம், கேட்காதவருக்கு 9 ட்ரிக்குக்கு 140. நஷ்டம் 240, அதாவது 6 இம்ப். 10-ஐ ஜெயிக்க 6-ஐப் பணயம் வைக்கிறோம். 16-க்கு 6, அதாவது 37.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே கேம் கேட்பது லாபம். வல்னரபிள் இல்லை என்றால் 420-க்கும் 170-க்கும் உள்ள வித்தியாசம் 6 இம்ப், நஷ்டம் 5 இம்ப், எல்லைக்கோடு 45 சதவீதம். ரெண்டுமே பாதிக்குக் கீழே. ரெண்டுல ஒரு தடவைக்கு மேல தோற்கிற கேமைக்கூட கேட்கணும்னு ஒத்துக்க மனசு வராது, எனக்கும் வரலை. ஆனா ஒவ்வொரு போர்டுக்கும் ரேங்க் போடுற ஜோடிப் போட்டியில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே சுமார் 50 சதவீதம் வேணும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினது ஆண்கள் ஜோடிப் பிரிவில்தான். நம்ம வயசுக்கு இன்னும் நாப்பது வருஷம் பயிற்சி பண்ண நேரம் இருக்கு.

கடைசியா, எதிரணி வாயைத் திறந்தால் என்ன ஆகும்னு பார்ப்போம். அதே என் கை, அதே 1 ஸ்பேட். இந்தத் தடவை எனக்கு இடது பக்கம் இருப்பவர் 2 கிளப் சொல்றார். பார்ட்னர் 2 ஸ்பேட், வலது பக்கம் பாஸ். கிளப் ஏஸ் அநேகமா இடது பக்கத்தில் இருக்கு. அவர் எனக்கு அப்புறம் ஆடுவார், நான் கிங்கைப் போட்டால் ஏஸால் அடிப்பார். என் கிளப் கிங் இப்போ 3 புள்ளி பெறாது, பார்ட்னரிடம் குயின் இல்லைன்னா ஒண்ணுமே பெறாமலும் போகலாம். அதுவே வலது பக்கத்தவர் 2 ஸ்பேடுக்கு மேல 3 கிளப் சொல்லியிருந்தால் ஏஸ் எனக்கு முன்னாடி விழணும், கிங் ஏறக்குறைய ஏஸ் மாதிரி. கையில் உள்ள சீட்டு ஒண்ணுகூட மாறலை, யார் எங்கே உட்கார்ந்து பேசினாங்க என்பதுதான் மாறுச்சு.

வலது பக்கம் என்றால் எங்களுக்குள்ள சண்டையே இல்லை, நேரா 4 ஸ்பேட். இடது பக்கம் என்றால் நான் இன்னும் 3 ஹார்ட் கேட்டுப் பார்ப்பேன். என் பார்ட்னர், வல்னரபிள்ல அதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காதே, 4 ஸ்பேடுக்குக் குதிச்சிடுங்கிறான். நேத்து மெஸ்ல சாம்பார் ஆறிப்போற வரைக்கும் இதுக்குத்தான் சண்டை போட்டோம்.