எண்ணா, ஸ்வரமா, ஐந்து கோடா?

கீபோர்டோ பியானோவோ புதிதாகப் பழகுவோர்க்கு மூன்று வழிகள் உண்டு: 1 முதல் 7 வரை எண்களைப் பார்த்து வாசிப்பது, ச ரி க ம எழுதி வாசிப்பது, மேற்கத்திய ஐந்து கோட்டு முறை. எதற்காகப் பழகுகிறோம் என்பதைப் பொறுத்தே தேர்வு அமையும்.

எண் முறை பழையது. 1742இல் ரூசோ பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் இப்படி ஒரு முறையை வைத்தார்; சீனாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றும் எண் முறை பரவலாகப் புழங்குகிறது. முறையாக எழுதினால் மேற்புள்ளி மேல் ஸ்தாயியையும், பக்கக்கோடு நீட்டத்தையும், 0 மௌனத்தையும் காட்டும். கைக்குக் கிடைக்கும் தாள்களிலோ பெரும்பாலும் வெறும் எண்கள்தான், தாளம் இருக்காது. மெட்டு முன்பே காதில் பதிந்திருந்தால்தான் அவற்றை வாசிக்க முடியும். ரைம்ஸ் இந்த முறைக்குப் பொருந்துவது அதனால்தான். ‘மேரி ஹாட் எ லிட்டில் லேம்ப்’ பாட்டுக்கு 1, 2, 3, 5 போதும். கையை நகர்த்தாமலே வாசிக்கலாம். ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ 6 வரை போவதால் இரண்டாவதாக வரட்டும்.

எண்களில் ஒரு குழப்பமும் உண்டு. விரல்களுக்கும் 1 முதல் 5 வரை எண் உண்டு, கட்டைவிரல் 1. சுருதியையும் ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்கிறார்கள். எனவே விரல் எண்ணை வேறு நிறத்தில் எழுதுவது நல்லது. சுருதி எதுவானாலும் அதன் ஆதார ஸ்வரமே 1. தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்க விரும்புவோர் எண் முறையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம்: 1, 4, 5 ஆகியவற்றின் மேல் அமைந்த மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்புகள்) எளிய பாடல்கள் பலவற்றுக்குப் போதும், சுருதி மாறினாலும் கணக்கு மாறாது.

பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு ஸ்வர எழுத்தே இயல்பு. ரைம்ஸை ஸ்வரத்திலும் வாசிக்கலாம்; ரைம்ஸுக்கும் கர்நாடக இசைக்கும் உள்ள உறவு எண்ணூருக்கு அருகிலுள்ள மணலியோடு தொடர்புடையது. மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் செய்தார். ‘ச்யாமளே மீனாக்ஷி’ நாம் ‘ட்விங்கிள்’ என்று அறியும் மெட்டுதான். அந்த ராகத்தின் ஏழு ஸ்வரங்களும், ஒரு கட்டை சுருதியில், வெள்ளைக் கட்டைகளே. சரளி வரிசை பயிலும் மாயாமாளவகௌளையில் ‘ரி’யும் ‘த’வும் கறுப்புக் கட்டைக்கு மாறிவிடும். ‘ரி’ என்று வெள்ளைக் கட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிய பிள்ளை இங்கே தடுமாறும். ஸ்டிக்கர் வேண்டுமானால் ‘ச’, ‘ப’ இரண்டுக்கு மட்டும் போதும். ஸ்வரத்தை அசைக்கும் கமகம் மட்டும் சாதாரண கீபோர்டில் எட்டாது.

லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்துவது போன்ற இசைத் தேர்வுகள் எழுத நினைத்தால் ஐந்து கோட்டு முறையைத் தவிர்க்க முடியாது. இரு கைகளும் ஒரே நேரத்தில் வாசிப்பதை அது தெளிவாகக் காட்டும். சில ரைம்ஸ் எண்ணில் கைவந்ததுமே அவற்றையே ஐந்து கோட்டிலும் எழுதிப் படிக்கத் தொடங்கலாம். ட்ரினிட்டியில் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் பியானோவுக்கும் தேர்வுகள் தனித்தனி. வாத்தியம் வாங்கும் முன் எந்தத் தேர்வு என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.