ஐடி போர்ட்டல் திறக்கலையா? முதலில் உங்க பிரவுசரைப் பாருங்க

போன வீடியோவில் ஏஐஎஸ், 26ஏஎஸ் ரெண்டையும் ஃபார்ம் 16-ஓடு எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதுன்னு சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துட்டு வந்த கேள்விகளில் பாதி வரியைப் பற்றியதே இல்லை. "பட்டனை அழுத்தினா ஒண்ணும் நடக்கல", "வெள்ளைப் பக்கம் மட்டும் வருது" என்பவைதான். அதனால இன்னைக்கு வரி இல்லை, பிரவுசர்.

2025 செப்டம்பர் 15 ஞாபகம் இருக்கா? சம்பளக்காரர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய நீட்டிக்கப்பட்ட கடைசி நாள். அன்னைக்கு மட்டும் இல்ல, அதுக்கு முந்தைய நாட்களிலும் போர்ட்டல் தடுமாறுதுன்னு எங்க தொழிலில் எல்லாருமே புலம்பிக்கிட்டு இருந்தோம். அப்போ வருமான வரித்துறை எக்ஸ் தளத்தில், உங்க கணினி மற்றும் பிரவுசர் அமைப்புகளாலும் சிக்கல் வரலாம்னு சொல்லி, சரிசெய்யும் வழிகளையும் போட்டாங்க. நிறையப் பேருக்குக் கோபம். கடைசியில் ஒரு நாள் நீட்டிப்பும் வந்தது, செப்டம்பர் 16 வரை. என்னைக் கேட்டா ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு. சர்வர் நெரிசலை நாம சரிசெய்ய முடியாது. ஆனா நம்ம பக்கத்துக் கோளாறை அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம்.

இதில் என்ன பணம் போகப்போகுதுன்னு கேட்கலாம். கெடு தாண்டினா 234எஃப் படி 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000). அதைவிடப் பெரிய அடி ஒண்ணு இருக்கு: கெடுவுக்குப் பிறகு சம்பளக்காரர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டு வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி, 80சி எல்லாம் கணக்கு போட்டு வச்சிருந்தவருக்கு அது பல ஆயிரம். பங்குச் சந்தை நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகவும் முடியாது.

சரி, சோதனைக்கு வருவோம். பக்கம் வேலை செய்யலைன்னா முதலில் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்க. ரகசியத்துக்காக இல்லை. நீங்க தனியா அனுமதி கொடுக்காத வரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது, பழைய குக்கீயும் இருக்காது. அங்கே வேலை செஞ்சா, குற்றவாளி உங்க எக்ஸ்டென்ஷனோ பழைய குக்கீயோதான். எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் அணைச்சுட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. மறைமலை நகர்ல வேலை பார்க்கும் ஒருத்தருக்கு உறுதிமொழிக் கட்டமே தெரியல. ஸ்க்ரீன் ஷேர் பண்ணிப் பார்த்தா, டார்க் மோட் எக்ஸ்டென்ஷன் கருப்பு மேல கருப்பு அடிச்சு வச்சிருக்கு!

இன்காக்னிட்டோவிலும் வரலைன்னா வேறு பிரவுசர். குரோமும் எட்ஜும் உள்ளே ஒரே குரோமியம் இன்ஜின் என்பதால், உண்மையான வித்தியாசம் பார்க்கணும்னா ஃபயர்ஃபாக்ஸில் பாருங்க. அதிலும் வரலைன்னா மொபைல் ஹாட்ஸ்பாட். மகேந்திரா வேர்ல்டு சிட்டி, சிறுசேரி பக்கம் இருக்கிற உங்களில் பலர் ஆபீஸ் லேப்டாப்பிலேயே ரிட்டர்ன் போடுறீங்க. கம்பெனி ஃபயர்வால் தடுக்குதுன்னா நீங்க என்ன பண்ணாலும் திறக்காது.

ஏஐஎஸ், 26ஏஎஸ் ரெண்டுமே வேறு தளத்துக்குக் கூட்டிட்டுப் போகும். பாப்-அப் தடுப்பு இருந்தா 'ஒண்ணும் நடக்கல' மாதிரி தெரியும். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சின்ன ஐகான் வந்திருக்கான்னு பாருங்க, அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்க. ஏஐஎஸ் பிடிஎஃப் திறக்கலைன்னா அது பிரவுசர் பிரச்சினை இல்லை: சின்ன எழுத்தில் பான், அதோட பிறந்த தேதி எட்டு இலக்கம், அதுதான் பாஸ்வேர்டு.

தானியங்கி மொழிபெயர்ப்பையும் அணைச்சு வைங்க. திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கம் மனை பார்க்கிறவங்க பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பீங்க. அதை பிரவுசர் ஆங்கிலமாக்கினா 'செல்வம்' என்கிற விற்பவர் 'வெல்த்' ஆகிடலாம். பெயர் பொருந்துதான்னு பார்க்கத்தானே வில்லங்கமே எடுக்கிறோம்?

பழைய பேரோல் தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் கேட்குதா? மைக்ரோசாஃப்ட் அதை 2022 ஜூன் 15-ல் நிறுத்திட்டாங்க. எட்ஜ் செட்டிங்ஸில் ஐஇ மோட் இருக்கு, குறைந்தது 2029 வரை இருக்கும்னு சொல்லியிருக்காங்க. எங்கேயோ இருந்து பழைய எக்ஸ்ப்ளோரரை டவுன்லோட் பண்ணாதீங்க.

எக்ஸ்டென்ஷன் பற்றி எனக்கு உண்மையான பயம் வேறு. 'எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டு, நீங்க சரி சொன்னா, நெட்பேங்கிங் பக்கமும் அதில் அடக்கம். 'நல்ல கம்பெனிதானே' என்பது போதாது. சைபர்ஹேவன் என்பது தகவல் பாதுகாப்பு கம்பெனியே. 2024 டிசம்பரில் அவங்க ஊழியர் ஒருத்தர் ஃபிஷிங் மெயிலில் ஏமாந்ததால், எக்ஸ்டென்ஷனின் திருட்டுப் பதிப்பு தானாகவே பயனர்களுக்கு அப்டேட் ஆச்சு. தி கிரேட் சஸ்பெண்டர் கதை வேறு: உரிமையாளர் மாறினார், 2021 பிப்ரவரியில் கூகுளே அதை மால்வேர்னு நீக்கினாங்க. கூப்பன் தேடித் தரும் ஹனியை பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கினாங்க. இலவசக் கூப்பனுக்கு யார் அவ்வளவு கொடுப்பாங்க, ஏன் கொடுப்பாங்கன்னு நீங்களே யோசிங்க.

என் ஏற்பாடு சாதாரணமானது. குரோமில் 'பணம்'னு தனி ப்ரொஃபைல். அதில் வங்கி, ஐடி, பிஎஃப், டீமேட் மட்டும். எக்ஸ்டென்ஷன் ஒண்ணே ஒண்ணு, பாஸ்வேர்டு மேனேஜர். போலித் தளம்னா அது பாஸ்வேர்டை நிரப்பாது, அதுவே ஒரு எச்சரிக்கை. கிராமர், டார்க் மோட், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வேலைக்கான ப்ரொஃபைலில் இருக்கட்டும். அங்கேயும் தள அனுமதியை 'கிளிக் செய்தால் மட்டும்'னு மாத்திடுங்க. ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த கூகுள் கணக்கை சிங்க் பண்ணாதீங்க. வீட்டில் போட்ட எக்ஸ்டென்ஷன் அங்கேயும் வந்து உட்காரும்.

ரிட்டர்ன் போட்டதும் 30 நாளுக்குள் இ-வெரிஃபை பண்ணணும். ஆதார் ஓடிபி பக்கம் தொங்கினாலும் இதே வரிசைதான்: இன்காக்னிட்டோ, வேறு பிரவுசர், ஹாட்ஸ்பாட்.