உங்கள் வேகத்தில் ஒரு படிப்பு, உங்கள் ஊருக்கு ஒரு வரைபடம்

மாணவர்களே, இணையத்தில் செமினியின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கடைவீதியும் எண்ணெய் நிலையங்களும் புதிய தாமான்களும் தெரியும். 2005-ஆம் ஆண்டு முதல் இங்கே இயங்கும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மலேசிய வளாகம் தெரியும். புரோகா மலையில் ஏறும் பாதைகூடத் தெரியும். இனி, உங்கள் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தைத் தேடுங்கள். லயங்கள் எங்கே இருந்தன? பிரட்டுக்களம் எங்கே? ஆயாக்கொட்டகை எங்கே? விடை கிடைப்பது அரிது.

ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் போன்ற பள்ளிகளின் பெயரில் ‘தோட்டம்’ என்ற சொல் இன்றும் இருக்கிறது. ஆனால் பால்மரங்கள் நின்ற நிலத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. எந்த இடத்தில் எது இருந்தது என்று விரலை நீட்டிக் காட்டக்கூடியவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள்தாம். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே வருகிறது. அவர்கள் காட்டும் இடங்களை வரைபடத்தில் ஏற்றிவைக்கும் திறனை நீங்கள் இப்போதே கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இணைய வரைபடக் கலையைக் கல்லூரித் தரத்தில், உங்கள் வேகத்திலேயே கற்றுத்தரும் படிப்புகள் இருக்கின்றன.

எப்படிப்பட்ட படிப்பு?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே அந்தோணி ராபின்சன் என்ற புவியியல் பேராசிரியர், 2013-இல் கோர்செரா தளத்தில் வரைபடங்கள் பற்றிய இலவசப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார். உலகெங்கும் பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். அதே பல்கலைக்கழகம் திறந்தநிலை மென்பொருள்களைக் கொண்டு இணைய வரைபடம் செய்யும் பாடங்களையும் யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பாடத்தைப் படிக்கக் கட்டணமில்லை. ஆனால் பேராசிரியர் உங்கள் வேலையைத் திருத்த வேண்டும், மதிப்பெண் வேண்டும் என்றால் முறைப்படி பதிந்து பணம் கட்ட வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே புரிந்துகொள்ளுங்கள். பாடம் இலவசமா, சான்றிதழும் இலவசமா? பணிகளை ஒப்படைக்கக் கெடு உண்டா? கடைசிப் பாடத்தில் நீங்களே ஒரு வரைபடம் செய்து காட்ட வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வரும் படிப்பே நல்லது. இத்தகைய சான்றிதழ் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மாற்றாகாது என்பதையும் மறக்க வேண்டாம். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் அடிப்படைக் கருத்துகளை இங்கே தமிழில் பார்த்துவிட்டால், பிறகு ஆங்கிலப் பாடம் மிரட்டாது.

உலகம் ஒரு சதுரம்

இணைய வரைபடத்தை விரலால் நகர்த்தும்போது அது சின்னச் சின்னச் சதுரங்களாக வந்து நிரம்புவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சதுரப் படத்துக்கு ‘டைல்’ என்று பெயர். தரையில் ஓடு பதிப்பதுபோல் திரையில் பதிக்கிறார்கள். ஒரு டைலின் வழக்கமான அளவு 256 புள்ளிகளுக்கு 256 புள்ளிகள்.

பெரிதாக்கும் நிலை 0-இல் உலகம் முழுவதும் ஒரே டைல். நிலை 1-இல் அது 4 டைல்களாகப் பிரியும். நிலை 2-இல் 16, நிலை 3-இல் 64. ஒவ்வொரு நிலையிலும் நான்கு மடங்காகிறது. நிலை 10-க்கு வரும்போது 10,48,576 டைல்கள்! அத்தனையும் உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால் அது திணறிவிடும். திரையில் தெரிய வேண்டிய சில டைல்களை மட்டும் கேட்டு வாங்குவதால்தான் வரைபடம் விரைவாகத் திறக்கிறது.

எந்த டைலைக் கேட்பது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செமினி நகரம் ஏறக்குறைய வடக்கு 2.95 பாகை அட்சரேகையிலும் கிழக்கு 101.84 பாகை தீர்க்கரேகையிலும் இருக்கிறது. பள்ளியில் இவற்றை லாத்திதூட், லோங்கிதூட் என்று படித்திருப்பீர்கள். தீர்க்கரேகையுடன் 180-ஐக் கூட்டுங்கள்: 281.84. அதை 360-ஆல் வகுங்கள்: 0.78289. நிலை 10-இல் குறுக்காக 1024 டைல்கள் இருப்பதால் 1024-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 801.7. முழு எண்ணை மட்டும் எடுத்தால், செமினி 801-ஆம் எண் நெடுவரிசையில் இருக்கிறது. எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குகிறது என்பது நினைவிருக்கட்டும்.

கிடைவரிசையைக் கண்டுபிடிக்க முக்கோணவியலும் மடக்கையும் தேவை. கூடுதல் கணிதம் படிப்போர் முயன்று பாருங்கள், விடை 503. பிரிக்ஃபீல்ட்ஸும் காஜாங்கும் செமினியும் இந்த ஒரே டைலுக்குள் அடங்கிவிடுகின்றன. கிள்ளானுக்கு இதே கணக்கைப் போடுங்கள். அதன் தீர்க்கரேகை ஏறக்குறைய 101.45. முந்தைய நெடுவரிசைக்கு நகர்ந்துவிடும்.

எந்த எண் முதலில்?

இணைய வரைபடம் கற்பவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம் இது. லீஃப்லெட் என்பது வரைபடத்தை இணையப்பக்கத்தில் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகம். உக்ரைனைச் சேர்ந்த வொலோடிமிர் அகஃபோன்கின் 2011-இல் வெளியிட்டது. இலவசமானது. செமினியை நடுவில் வைத்து ஒரு வரைபடத்தைக் காட்ட அதில் இருபது வரிகளுக்குமேல் எழுத வேண்டியிருக்காது. ஓர் இடத்தைக் குறிக்க லீஃப்லெட் முதலில் அட்சரேகையைக் கேட்கும், பிறகு தீர்க்கரேகையை: 2.95, 101.84.

ஆனால் இடங்களின் பட்டியலைச் சேமித்து வைக்கும் ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் வரிசை தலைகீழ். முதலில் தீர்க்கரேகை, பிறகுதான் அட்சரேகை: 101.84, 2.95. மாற்றி எழுதினால் என்ன ஆகும்? அட்சரேகை 101.84 ஆகிவிடும். அட்சரேகை 90-க்குமேல் போகவே முடியாது. 90 என்பதே வட துருவம். உங்கள் குறி திரையில் எங்குமே தெரியாவிட்டால் முதலில் இந்த வரிசையைச் சரிபாருங்கள். மணிக்கணக்கில் தேடும் வேலை மிச்சமாகும்.

எத்தனை தசம இடங்கள் எழுதுவது என்பதும் முக்கியம். நான்கு தசம இடங்கள் ஏறக்குறைய 11 மீட்டர் வரை துல்லியம் தரும், ஐந்து இடங்கள் ஏறக்குறைய 1 மீட்டர் வரை. 2.95 என்று இரண்டு இடங்களோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்குமேல் தள்ளிப்போகலாம். ஒரு லயம் இருந்த இடத்தைக் காட்ட அது போதாது.

அடுக்கின்மேல் அடுக்கு

அடியில் டைல்கள், அதன்மேல் நீங்கள் சேர்க்கும் புள்ளிகள், கோடுகள், பரப்புகள். ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. அடுக்குகளைச் சேர்க்கும்போதுதான் வரைபடம் கேள்வி கேட்கத் தொடங்குகிறது.

2016 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செமினி ஆற்று நீரில் துர்நாற்றம் கலந்ததால் அதன் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டு, உலு லங்காட் முதல் பெட்டாலிங் வரை வீடுகளில் குழாய்நீர் நின்றது. அப்போது என்ன கேட்டிருப்போம்? ஆறு எந்த வழியாக ஓடுகிறது? எந்தக் கிளையாறுகள் அதில் சேர்கின்றன? நிலையத்துக்கு மேற்புறம் எந்தத் தொழிற்சாலைப் பகுதிகள் இருக்கின்றன? ஆறு ஓர் அடுக்கு, நிலையம் ஓர் அடுக்கு, தொழிற்சாலைகள் ஓர் அடுக்கு. மூன்றையும் ஒன்றாக வைத்தால், எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது பட்டியலில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும்.

தோட்ட வரைபடமும் அப்படித்தான். இன்றைய சாலைகள் அடியில் இருக்க, அன்றைய லயம், கோயில், பள்ளி, பால் கொட்டகை ஆகியவற்றை மேலே வையுங்கள். பாட்டி சொல்லும் இடம் இப்போது எந்தத் தாமான் என்பது கண்ணுக்குப் புலப்படும்.

ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

இலவச இணையப் படிப்புகளில் சேர்வோரில் பெரும்பாலோர் முடிப்பதில்லை. முடிப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. மணி அடிக்காத வகுப்பு, அதட்டாத ஆசிரியர், நெருங்காத தேர்வு. ‘நாளை படிக்கலாம்’ என்று சொல்ல எல்லா வசதியும் இருக்கிறது.

இதற்கு அறிவியல் தரும் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, இடைவெளி விட்டுப் படிப்பது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம் நினைவாற்றலைத் தாமே சோதித்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிடப் பல நாள்களுக்குப் பிரித்துப் படித்தால் குறைந்த முயற்சியில் மனத்தில் நிற்கும் என்று அவர் கண்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, வாரத்தில் நான்கு நாள் அரை மணி நேரம் உட்காருவது மேல்.

இரண்டாவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்வது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தனர். ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த சோதனையிலோ, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே பாடக் காணொளி முடிந்ததும் அடுத்ததைத் தட்டாதீர்கள். அதில் வந்த நிரலைப் பார்க்காமல் நீங்களே எழுதிப் பாருங்கள்.

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: உங்கள் வரைபடத்துக்காகக் காத்திருக்கும் ஒருவர். அது உங்கள் பாட்டியாக இருக்கட்டும். ‘எங்கம்மா நம்ம லயம்?’ என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தால் படிப்பைக் கைவிட மனம் வராது.

எட்டு வாரத் திட்டம்

வாரம் 1: பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் தோட்டத்தின் கைவரைபடம் வரையுங்கள். பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

வாரம் 2: பெரியவர் ஒருவரின் துணையோடு அந்த இடங்களுக்குச் செல்லுங்கள். கைத்தொலைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை ஐந்து தசம இடம்வரை குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி சில மீட்டர் பிசகலாம். இரண்டு முறை அளந்து ஒப்பிடுங்கள்.

வாரம் 3, 4: எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படைகள். நான்காம் வார முடிவில் செமினி உங்கள் திரையில் தெரிய வேண்டும். வீட்டில் மடிக்கணினி இல்லாவிட்டால் பாடத்தைக் கைத்தொலைபேசியில் படித்துவிட்டு, நிரல் எழுதும் வேலையைப் பள்ளிக் கணினிக் கூடத்தில் செய்யுங்கள்.

வாரம் 5: பத்து இடங்களையும் ஜியோஜேசன் கோப்பாக்குங்கள்.

வாரம் 6: ஒவ்வொரு குறியையும் தட்டினால் இடத்தின் பெயர் தமிழில் வரட்டும். பழைய படம் இருந்தால் உரியவரின் அனுமதியோடு சேருங்கள். தகவல் எப்படிக் கிடைத்தது, எப்போது கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

வாரம் 7: அதே தோட்டத்தில் வாழ்ந்த இன்னும் இருவரிடம் காட்டுங்கள். அவர்கள் வேறு இடத்தைச் சுட்டினால் இரண்டையும் குறித்து, மறுபடி விசாரியுங்கள்.

வாரம் 8: ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் காட்டித் திருத்தி, வெளியிடுங்கள்.

நிரல் எழுதத் தயக்கமாக இருந்தால் யூமேப் என்ற இலவசத் தளத்தில் நிரல் இல்லாமலே தொடங்கலாம். கருத்துகள் புரிந்தபின் லீஃப்லெட்டுக்கு வாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

அடிப்படை வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தலாம். 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இதை உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் வரைகிறார்கள். 2010-இல் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அவர்கள் தலைநகரின் தெருக்களை வரைந்து கொடுத்தது மீட்புப் பணிக்கு உதவியது. பயன்படுத்தும்போது அதன் பெயரை உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் குறிப்பிட வேண்டும்.

இன்றும் இருக்கும் கோயில், பள்ளி ஆகியவற்றுக்கு அந்த வரைபடத்திலேயே தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகலெடுத்துச் சேர்க்கக் கூடாது. உரிமைச் சட்டம் இடம் தராது. மறைந்துபோன லயங்களையும் அங்கே சேர்க்க வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்று தரையில் உள்ளவற்றுக்கானது. பழையவை உங்கள் சொந்த அடுக்கில் இருக்கட்டும்.

யாருடைய இன்றைய வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வெளியிடாதீர்கள். பல தளங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்கு தருவதில்லை. அப்படியானால் பெற்றோர் அல்லது ஆசிரியரின் துணையோடு செய்யுங்கள்.

இந்த வாரப் பணி எளிது. கணினியே வேண்டாம். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் ஆறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள். மற்ற இடங்களை அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.